பிள்ளையை வைத்துக்கொண்டு பேசும்போது

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பெற்றோர் வந்து பேசுவது பெரும்பாலும் கேட் பக்கத்தில்தான். நூறு நாள் வேலைக்குப் போகிற வழியில் நின்று, "எப்படி டீச்சர் படிக்கிறான்?" என்று கேட்பார்கள். பையன் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் சொல்வதை அம்மா வேலைக்கு நடுவில் மறந்துவிடலாம். அவன் மறக்க மாட்டான். "எங்கம்மா படிக்கிறான், கவனமே இல்ல" என்று காதில் விழுந்த பிள்ளை அன்று முழுக்கக் கை தூக்குவதில்லை.

அதனால் பிள்ளையை வைத்துக்கொண்டு குறை பேசுவதே இல்லை. அவன் செய்ததில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்வேன்: "நேத்து கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கைத் தானாவே போட்டாம்மா." மற்றதைச் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவேன். நின்றுகொண்டே பேசுகிற அம்மா எல்லாவற்றுக்கும் "சரிங்க டீச்சர்" என்பார். உட்கார்ந்தால்தான் வீட்டு நிலவரம் வெளியே வரும். அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை, அம்மாவுக்கு மில்லில் நைட் ஷிஃப்ட், பிள்ளை தூங்குவது பாட்டியிடம், பாட்டிக்கு எழுத்து தெரியாது. அந்த வீட்டில் போய் "படிக்க வையுங்க" என்று சொல்லி என்ன பயன்? "பாட்டிக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றால் நடக்கிறது. பாட்டியும் கதை கேட்கிற ஆசையில் விடமாட்டார்.

2022-இல், சிறு வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு இந்தக் கவனம் இன்னும் தேவைப்படுகிறது. அதில் வரும் அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளை அப்போதைக்கு எந்த நிலையில் கற்கிறது என்பதைக் காட்டுபவை. "உங்க பொண்ணு இன்னும் அரும்புதான்" என்று விளக்காமல் சொன்னால் வீட்டில் அதுவே பட்டப்பெயராகிவிடும். "எழுத்து தெரியுது, கூட்டி வாசிக்கப் பழகிட்டிருக்கா" என்றால் பெற்றோருக்கும் புரியும், அவளுக்கும் வலிக்காது.

பிள்ளைகளிடம் "ஏன் எழுதல?" என்று கேட்டால் தலை குனியும், அவ்வளவுதான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து "எந்த வரியில நின்னுச்சு?" என்றால் விரல் வைத்துக் காட்டுவார்கள். கேட்டதும் சும்மா இருக்க வேண்டும். நாமே அவசரப்பட்டுப் பதிலைச் சொல்லிவிடக் கூடாது.

எனக்குக் கடினமாக இருப்பது தாத்தாக்களிடம் பேசுவதுதான். "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிங்க டீச்சர்" என்று பேத்தியின் முன்னாலேயே சொல்வார்கள். அத்தனையும் பாசம்தான், தெரியும். அடிப்பதோடு மனத்தை நோகடிப்பதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் சட்டத்தைச் சொன்னால் "அந்தக் காலத்துல..." என்று தொடங்கிவிடுவார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன்: "அடிச்சா எங்கிட்ட சந்தேகம் கேக்க மாட்டாளே தாத்தா." அதை அவளும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறாள். உடனே அவர், "அப்படி என்ன கேக்குறா?" என்பார். அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்றே, யார் என்ன கேட்டார்கள் என்று பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதி வைக்கிறேன்.