திருகோணமலையில் இரண்டு நாள்: உடும்பு வேறு, கபரகொய்யா வேறு

நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தேன். பஸ், தங்குமிடம், சாப்பாடு, பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஓட்டோக்காரர் மீதான கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலில் இறக்கி வைக்கிறேன்.

டவுனிலிருந்து கன்னியா வெந்நீர் ஊற்று ஏறத்தாழ 8 கிலோமீட்டர். போய்வர 4000 ரூபா என்றார் ஒருவர். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். என் அக்காவின் மகளைக் காட்டி, "வெளிநாட்டுப் பிள்ளைதானே" என்றார். பிள்ளையின் முகத்தைப் பார்த்து விலை சொல்வது எனக்குப் பிடிக்கவே இல்லை. அடுத்த சந்திவரை வெயிலில் நடந்து, 1800 ரூபாவுக்கு இன்னொருவரைப் பிடித்தோம். ஏறுவதற்கு முன்பே விலையைப் பேசி முடித்துவிடுங்கள்.

வவுனியாவிலிருந்து வந்த பஸ்ஸில் ஹொரவபொத்தானை வரை நின்றுகொண்டே வந்தோம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நிலாவெளியில் மலிவாக ஒரு அறை கிடைத்தது. பின்பக்கம் ஒரு சின்ன வாய்க்கால். முதல் நாள் பின்னேரம் மருமகள் அங்கிருந்து கத்தினாள்: "மாமா, ஓடி வாங்கோ! ஃபொயர்சலமாண்டர்!"

அவளுக்குப் பன்னிரண்டு வயது, பிறந்து வளர்ந்தது சுவிஸில். அங்கே பல்லி மாதிரித் தெரியும் சலமாண்டர் என்ற பிராணியில், மஞ்சள் புள்ளி போட்ட வகைக்கு ஜெர்மன் மொழியில் அதுதான் பெயர். போய்ப் பார்த்தேன். ஒரு முழ நீளம் இருக்கும். கறுத்த உடம்பு, முதுகின் குறுக்கே வரிசை வரிசையாக மஞ்சள் புள்ளிகள். அவள் மயங்கியதில் பிழையே இல்லை. சலமாண்டர் இலங்கையில் கிடையாது. இந்தியாவிலும் டார்ஜிலிங், மணிப்பூர் போன்ற மலைப்பக்கங்களில்தான் அந்த வகையைக் காணலாம். "நாக்கைப் பார் பிள்ளை" என்றேன். பாம்பு நாக்கைப் போல இரண்டாகப் பிளந்த நாக்கு வெளியே வந்து போனது. விரல்களில் கூரிய நகம், உடம்பெல்லாம் செதில். சலமாண்டருக்கு இது மூன்றும் இல்லை. அது தவளையின் உறவு. தோல் ஈரமாக இருக்கும். இது கபரகொய்யாக் குட்டி, உடும்புக்கு உறவான தண்ணீரோரப் பிராணி.

அன்று இரவு அவள் சொன்ன கதையில் நான் சாப்பிடவே மறந்தேன். அவளுடைய ஊரில் இரண்டு சலமாண்டர்கள் உண்டாம். மஞ்சள் புள்ளி போட்டது கீழே காட்டில் இருக்கும். குட்டிகளை ஓடைத் தண்ணீரில் விடும். அவை தலைப்பிரட்டை மாதிரிச் செவுளோடு நீந்தி வளர்ந்த பிறகே கரையேறும். மற்றது அல்ப்ஸ் மலையின் மேலே வாழும் முழுக் கறுப்பு. அதற்குத் தண்ணீரே தேவையில்லை. இரண்டு, மூன்று வருடம் வயிற்றில் சுமந்து, பெரும்பாலும் இரண்டே குட்டிகளை முழு உருவத்தோடு நிலத்தில் ஈனும். ஒரே குடும்பம், பிள்ளை பெறும் விதமே இப்படி மாறிப்போகிறது! இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்த நாள் கன்னியாவில் ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம்தான். நல்ல இடம், ஆனால் சனம் அதிகம். திரும்பும் வழியில், பற்றைக்குள் காய்ந்த மரக்குற்றியில் ஒரு உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சாம்பலும் மண்ணிறமும் கலந்த மங்கல் நிறம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மூக்கைப் பார்க்கச் சொன்னேன். உடும்பின் மூக்குத் துவாரம் கீறல் மாதிரிச் சரிவாக, கண்ணுக்கும் மூஞ்சி நுனிக்கும் நடுவில் இருக்கும். கபரகொய்யாவுக்கு அது வட்டமாக, நுனிக்குக் கிட்ட இருக்கும். நிறம் வயதோடு மாறும், சேறு பூசினால் ஏமாற்றும், மூக்கு ஏமாற்றாது. உடும்பு காய்ந்த நிலத்துக்காரன். கபரகொய்யா தண்ணீரோரத்துக்காரன், பக்கவாட்டில் தட்டையான வாலை வீசி நீந்துவான், நன்றாக வளர்ந்தால் ஆறடியையும் தாண்டுவான்.

பின்னேரம் உப்புவெளியில் ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். சோறு, பாரைமீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலைச் சுண்டல், எல்லாம் 650 ரூபா. குழம்பில் கொறுக்காய்ப் புளி சரியாக இறங்கியிருந்தது. மருமகள் கண்ணில் தண்ணீர் வழிய வழிய இரண்டாம் முறை குழம்பு கேட்டாள். டவுனில் ஆயிரத்துக்கு மேல் கொடுத்துச் சாப்பிட்ட ஃபிரைட் ரைஸ் இதற்குக் கிட்டவும் வராது.

அறைக்கு வந்தால், வீட்டுக்கார அம்மா தடியோடு வாய்க்காலடியில் நிற்கிறார். "அது விசம் தம்பி, அடிச்சுப் போடுவம்." எனக்கு நெஞ்சு பதைத்தது. உடும்பை இறைச்சிக்காகக் கொல்கிறார்கள், கபரகொய்யாவை விஷம் என்று கொல்கிறார்கள். இரண்டுக்கும் நம்மிடம் நிம்மதி இல்லை. சீண்டினால் கடிக்கும், வாலால் அடிக்கும், உண்மைதான். ஆனால் தானாகத் தேடி வந்து கடிக்காது. செத்த மீன், நண்டு, எலி எல்லாவற்றையும் தின்று வாய்க்காலைச் சுத்தமாக வைப்பதும் அதுதான். இதையெல்லாம் சொன்னேன். மருமகள் ஒன்றும் பேசாமல் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தடி கீழே இறங்கியது.

புறாத்தீவுக்குப் போகவில்லை. படகும் அனுமதிச் சீட்டும் சேர்ந்தால் என் கைக்கு எட்டாது. அடுத்த ஆவணிக்குக் காசு சேர்க்க வேண்டும்.

பஸ்ஸில் ஏறும்போது அவள் கேட்டாள், அடுத்த முறை வரும்போது அதன் மஞ்சள் புள்ளிகள் அப்படியே இருக்குமா என்று. கொஞ்சம் மங்கியிருக்கும் என்றேன்.