அப்ப இது யாருக்கு சார்?

குடியாத்தத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்ட கேள்வி இது. ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வீட்டார் வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள்; அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. அவர் வடிவமைப்பது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் போட்ட பாமினி என்ற பழைய எழுத்துருவில். நாங்கள் எழுதிய எழுத்துரு மாற்றி நிரல் ஒன்றை அவர் கணினியில் நிறுவிக் கொடுத்திருந்தேன். "உங்க மாத்தியில போட்டா பாமினி ஆகல சார்."

"ஆகாதுண்ணா. பாமினியிலிருந்து யூனிகோடுக்குத்தான் போகும். திரும்பி வர்றத வேணும்னேதான் வைக்கல. பழைய எழுத்துருவ விட்டு எல்லாரும் வெளிய வரணும், அதுதான் எங்க நோக்கம்."

"அப்ப இது யாருக்கு சார்?"

அந்த நோக்கத்தில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழே இல்லை, தேடினாலும் அகப்படாது. 'கொ'வில் கொம்பு முன்னால், அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க முதலில் வர வேண்டும். இதையெல்லாம் நேராக்கத்தான் வேலூரில் நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தோம். திரும்பிப் போகவும் வழி வைத்தால் யார் மாறுவார்கள்?

ஆனால் இதில் ஒரு வார்த்தையாவது அவரிடம் முன்பே சொன்னேனா? நிறுவிக் கொடுத்த அன்று "தமிழ மாத்திக் கொடுக்கும்ணா, இலவசம்தான்" என்றேன், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஃப்ரீ என்ற ஒரே சொல். ஃப்ரீ சாஃப்ட்வேர் என்பது விலையைப் பற்றியதல்ல, சுதந்திரத்தைப் பற்றியது என்று அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நமக்கு இலவசம் வேறு, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்றது வேறு. 'கட்டற்ற' என்றால் அவருக்குப் புரியாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

சொல்லியிருந்தால் மட்டும்? சாவு வீட்டு ஆள் கடை வாசலில் நிற்கும்போது, பேஜ்மேக்கரை விட்டு ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறுங்கள் என்பதா? அதையும் சொன்னேன் அன்றைக்கு. அவர் பதில் பேசவில்லை.

பேரன் பேத்தி பெயர் வரை எல்லாவற்றையும் கையாலேயே திரும்ப அடித்து முடித்தாராம்.

யூனிகோடிலிருந்து பாமினிக்குப் போகும் நிரலை இரண்டே நாளில் எழுதிவிட்டேன். மற்ற மூவரிடம் இன்னும் காட்டவில்லை.