காது தெரிய வேண்டும்

காவல் துறையில் போட்டோகிராபராகச் சேருவதற்கு முன்னால் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். நெகட்டிவ் மேல் ரீடச்சிங் பென்சிலை வைத்து மருவையும் தழும்பையும் மறைத்துக் கொடுத்தால்தான் அங்கே நல்ல வேலைக்காரன் என்று பெயர். குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மச்சம் தெரிய வேண்டும், தழும்பு தெரிய வேண்டும், முடியை ஒதுக்கிக் காது முழுசாகத் தெரிய வேண்டும். நெஞ்சுக்கு நேரே சிலேட்டு. நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். ஏன் என்று கேட்டால், வேலை பழக்கிய ஏட்டையா "அப்படித்தான்யா எடுக்கணும்" என்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது என்னைப் பாரிஸில் கொண்டுபோய் விட்டது.

1879-ல் பாரிஸ் காவல் தலைமையகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் அல்போன்ஸ் பெர்த்தியோன். பிடிபட்டவர்களின் அங்க அடையாளங்களை நகலெடுத்து எழுதுவது அவர் வேலை. நடுத்தர உயரம், சாதாரண மூக்கு என்றே எல்லாருக்கும் எழுதி வைத்தால் யாரைக் கண்டுபிடிப்பது? படங்களுக்கும் பஞ்சமில்லை. 1874-லேயே அங்கே புகைப்படப் பிரிவு வந்துவிட்டது. ஆனால் ஆள் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால், ஆயிரக்கணக்கான படங்களில் அவனுடையதைத் தேடி எடுக்க வழியில்லை. படங்களும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. தூரம் வேறு, வெளிச்சம் வேறு, உட்கார்ந்த கோணம் வேறு. ஒரே ஆளின் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால்கூட இருவர் போலத் தோன்றும்.

பெர்த்தியோன் முதலில் அளவுகோலைத்தான் கையில் எடுத்தார். தலையின் நீளம், அகலம், நடுவிரல், இடது பாதம் என்று வளர்ந்த மனிதரிடம் அதிகம் மாறாதவற்றை அளந்து, அந்த அளவுகளின் வரிசையில் அட்டைகளை அடுக்கினார். 1883 பிப்ரவரியில், துய்ப்போன் என்று பெயர் சொன்ன ஒருவர் ஏற்கெனவே வேறு பெயரில் பிடிபட்டவர் என்பது அந்த அட்டைகளால் தெரியவந்தது. அப்புறம்தான் கேமராவையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். ஒரே நாற்காலி, மாறாத தூரம், முகத்தின் நிஜ அளவில் ஏழில் ஒரு பங்காகப் படம், ஒரு நேர்ப்படம், ஒரு பக்கவாட்டுப் படம். பென்சில் வேலை கூடவே கூடாது. தாடி வளர்க்கலாம், மழிக்கலாம், ஆள் இளைக்கலாம், பருக்கலாம். காதின் மடிப்புகள் அப்படியே இருக்கும், ஆளுக்கு ஆள் வேறுபடும். ஏட்டையா சொன்ன "அப்படித்தான்" இங்கிருந்து வந்ததுதான்.

இங்கிலாந்துச் சிறைகளில் இன்னொரு வழி இருந்தது. கைதியின் தோளருகே ஒரு கண்ணாடியை வைத்து, நேர்முகமும் பக்கவாட்டும் ஒரே புகைப்படத் தகட்டில் விழும்படி எடுத்தார்கள். இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் விரித்து வைக்கச் சொன்னார்கள். விரல் குறைந்திருந்தால் அதுவும் ஓர் அடையாளம். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு முகத்தைவிடக் கைகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. உழைத்துக் காய்த்துப்போன கைகள்.

இதற்கெல்லாம் முன்பு, 1852-53-ல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கார்ல் துர்ஹைம் என்ற புகைப்படக்காரர் அரசு கேட்டுக்கொண்டபடி இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் படம் எடுத்தார். எந்த ஊரிலும் குடியுரிமை இல்லாமல் அலைந்து பிழைத்த மக்கள் அவர்கள். ஆணும் பெண்ணும் உண்டு. அவர்களை ஏதாவது ஓர் ஊரின் கணக்கில் சேர்க்க 1850-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. யார் எவர் என்று துப்புத் துலக்கப் படங்கள் தேவைப்பட்டன. படங்களிலிருந்து கல்லச்சுப் பிரதிகள் எடுத்துக் காவலர்களுக்கு அனுப்பினார்கள். ஆசையாகப் படம் எடுத்துக்கொள்ள ஸ்டுடியோவுக்கு வந்தவர்களைப் போலவே அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் இல்லை என்பதற்காகக் காவல் துறை கேமராவுக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டவர்கள் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் பலகையில் ஒட்டியிருக்கும் கேடிகளின் படங்களைப் பார்த்து, "முழியே சரியில்லை பாருங்க" என்பார்கள். அவர்களுக்கு நான் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டனின் கதையைச் சொல்வேன். குற்றவாளிக்கென்று ஒரு முகம் உண்டா என்று 1870-களின் கடைசியில் அவர் தேடினார். சிறைத் துறைத் தலைவர் எட்மண்ட் டூ கேன் கொடுத்த கைதிகளின் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே தகட்டில் பதித்தார். கொடூரமான முகம் ஒன்று எழுந்து வரவில்லை. தனித்தனிப் படங்களைவிட லட்சணமான, சாதாரண மனித முகம்தான் வந்தது. கால்டனே அதை எழுதி வைத்திருக்கிறார்.

முதல் தடவை பிடிபட்ட ஒரு பையன், "தலை சீவிக்கட்டுமா சார்?" என்று கேட்டான். சீப்பைக் கொடுத்தேன். சீவிவிட்டுக் காதை மூடிக்கொண்டு நின்றான். மறுபடி ஒதுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. குற்றவாளி போல ஒருவனைக் காட்டுவது என் வேலை கிடையாது. அதைத் தீர்மானிக்க நீதிமன்றம் இருக்கிறது. வெளிச்சத்தை மேலிருந்து போட்டால் யார் முகமும் கடுகடுவென்றாகிவிடும். அப்படி எடுக்க மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

எங்களுக்கு அதிகாரம் தந்தது 1920-ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டம். அதில் ஏழாம் பிரிவு என்று ஒன்று உண்டு. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால், வேறு உத்தரவு இல்லாத பட்சத்தில், அவருடைய அளவுகளையும் படங்களையும் அழித்துவிட வேண்டும், அல்லது அவரிடமே கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால் படத்தைக் கேட்டு யாரும் வருவதில்லை. தெரிந்த வக்கீல்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது அந்தச் சட்டம் போய் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. கருவிழிப் பதிவும் சேர்ந்துவிட்டது, பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் மேல்முறையீடுகளெல்லாம் முடிந்து விடுதலையானால், நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிடாத வரை அவற்றை அழித்துவிட வேண்டும் என்பது இதிலும் இருக்கிறது. வீட்டில் யாராவது வழக்கிலிருந்து விடுதலையாகி வந்திருந்தால், வக்கீலிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.