இனாகே வீடு: கடைசி சக்கரவர்த்தியோட தம்பி குடியிருந்த இடம்

ஜப்பான்ல, டோக்கியோ பக்கத்துல சிபா நகரம், அங்கதான் இந்த வீடு. கெய்சேய் ரயில் லைன்ல இனாகே ஸ்டேஷன்ல இறங்கி கடல் இருந்த பக்கமா நடக்கணும். இருந்த பக்கம்னு ஏன் சொல்றேன்னா இப்ப அங்க கடல் இல்ல, மண்ணைக் கொட்டி நிலமாக்கிட்டாங்க, வீட்டு முன்னாடி ரோடுல லாரிதான் போகுது. உள்ள போக டிக்கெட் கிடையாது, செருப்பக் கழட்டிட்டு ஏறிடலாம்.

சீனாவோட கடைசி சக்கரவர்த்தி புயியை எல்லாருக்கும் தெரியும், அவரோட தம்பி புஜியேவைத்தான் யாரும் கண்டுக்கறதில்ல. 1907ல பிறந்தவர். சீனாவோட வடகிழக்குல மஞ்சூரியாவைப் பிடிச்சு, புயியை அங்க பேருக்கு ராஜாவா வச்சிருந்த ஜப்பான் ராணுவம், புயிக்கு வாரிசு இல்லன்னதும் இவருக்கு ஒரு ஜப்பான் பொண்ணைப் பார்த்து முடிச்சது. ஹிரோன்னு பேரு, ஜப்பான் ராஜ குடும்பத்துக்கு தூரத்து சொந்தம். 1937 ஏப்ரல்ல டோக்கியோல கல்யாணம். புஜியே அப்ப சிபால ராணுவப் பள்ளில படிச்சிட்டிருந்ததால புதுசா குடித்தனம் வச்சது இந்த வீட்லதான், அதுவும் சில மாசம்தான், அப்புறம் மஞ்சூரியா போயிட்டாங்க. அரசியலுக்காக பண்ணி வச்ச கல்யாணம், ஆனா அவங்க ரெண்டு பேரும் நிஜமாவே ஒருத்தர் மேல ஒருத்தர் உயிரா இருந்தாங்க. தத்தாமிங்கற வைக்கோல் பாய் விரிச்ச அந்த சின்ன ரூம்ல உக்காந்து தோட்டத்தைப் பார்த்தப்ப எனக்கு அதுதான் மனசுல ஓடிச்சு.

ரெண்டு பொண்ணுங்க, ஹுய்ஷெங், ஹுஷெங். பெரியவளை படிப்புக்காக ஜப்பான்ல பாட்டி வீட்ல விட்டிருந்தாங்க. 1945 ஆகஸ்ட்ல ஜப்பான் போர்ல தோத்ததும் ரஷ்யப் படை அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் பிடிச்சிட்டுப் போயிடுச்சு, ஹிரோ சின்னவளைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊரா, ஜெயில் ஜெயிலா அலைஞ்சு 1947லதான் ஜப்பான் வந்து சேர்ந்தாங்க. புஜியே சைபீரியால அஞ்சு வருஷம், அப்புறம் சீனால ஃபுஷுன் சிறை. உயிரோட இருக்காரான்னே வீட்டுக்கு சேதி இல்ல.

அப்பதான் ஹுய்ஷெங், ஸ்கூல் படிக்கிற பொண்ணு, தானா சீன மொழி கத்துக்கிட்டு சீனப் பிரதமர் சோ என்லாய்க்கே லெட்டர் போட்டா, எங்க அப்பாவுக்கு கடிதம் எழுத அனுமதி குடுங்கன்னு. குடுத்தாரு! எனக்கும் ரெண்டு பொண்ணுங்க, இதைப் படிச்சதுல இருந்து அந்தக் குழந்தை எந்த தைரியத்துல பேனா எடுத்திருக்கும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன். ஆனா அவ அப்பாவை மறுபடி பார்க்கவே இல்ல. 1957 டிசம்பர்ல ஜப்பான்ல அமாகி மலைல, கூடப் படிச்ச பையனோட இறந்து கிடந்தா, வயசு 19. அப்பா அப்பவும் சிறைலதான்.

1960 கடைசில புஜியே விடுதலை ஆனாரு, அடுத்த வருஷம் ஹிரோ சீனா போய் சேர்ந்தாங்க, பதினாறு வருஷத்துக்கு அப்புறம். ஹிரோ 1987ல பெய்ஜிங்ல தவறும் வரைக்கும் பிரியல. புஜியே 1994ல போனாரு. அவங்க ரெண்டு பேர் அஸ்தில ஒரு பங்கு ஜப்பான்ல ஷிமோனோசெகிங்கற ஊர்ல கடலோரக் கோயில்ல இருக்கு, பெரிய பொண்ணோட அஸ்தியும் அங்கதான்.

இனாகே வீட்டு சுவத்துல புஜியே தன் கையால எழுதின எழுத்து மாட்டியிருக்கு. நல்ல எழுத்து அவருக்கு. எனக்கு சீன எழுத்து படிக்கத் தெரியாது, ஆனாலும் ரொம்ப நேரம் அதுக்கு முன்னாடியே நின்னுட்டேன், அடுத்த தடவை ஷிமோனோசெகிக்குப் போகணும்.