ஷீட் ரோலருக்கு 12பி செயின்: ஒருவழியாக ஓடுகிறது

இன்று காலை நாற்பது ரப்பர் ஷீட். நடுவில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அம்மா கைப்பிடியைத் தொடவே இல்லை, ஷீட்டை மடித்து உள்ளே கொடுத்ததோடு சரி. நாலு மாதமாக இந்த ஒரு காலைக்காகத்தான் பட்டறைக்கும் வீட்டுக்கும் அலைந்தேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம். கையால் சுற்றுகிற பழைய ரோலருக்கு மோட்டார் வைக்கிற வேலை இது. 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 1440 ஆர்பிஎம். அங்கிருந்து வி-பெல்ட், 40:1 வார்ம் கியர் பாக்ஸ் (வேகத்தை நாற்பதில் ஒரு பங்காகக் குறைக்கிற திருகுப் பல் பெட்டி), அதற்கப்புறம் செயின். மோட்டார் பக்கம் வேண்டுமென்றேதான் பெல்ட் போட்டேன். ரோலரில் கட்டிப்பால் (ஆசிட் விட்டு உறையவைத்த ரப்பர் பால்) சிக்கினால் பெல்ட் வழுக்கிக் கொடுக்கும், செயின் வழுக்காது.

முதல் தடவை 08பி என்கிற அரை அங்குல செயினும் 13 பல் சக்கரமும் போட்டிருந்தேன். 1 ஹெச்பிக்கு அரை அங்குல செயின் தாராளம் என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். மூன்றே வாரம். செயின் தொங்க ஆரம்பித்ததும் கழற்றி, இழுத்துப் பிடித்து 24 கண்ணியை அளந்தேன். புதிதில் 304.8 மி.மீ. இருக்க வேண்டியது 312 காட்டியது. 3 சதவீதம் நீண்டால் செயினை மாற்ற வேண்டும் என்பது கணக்கு. இது மூன்று வாரத்திலேயே இரண்டரையை நெருங்கிவிட்டது. மறுநாள் தடித்த கட்டிப்பால் ஒன்று உள்ளே போனதும் செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற கிளிப் லிங்க்கின் பின் முறிந்து, தகடு சுவரில் போய் அடித்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை.

லேத் பட்டறை அண்ணன் முறிந்த பின்னைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஹெச்பி கிடக்கட்டும் மக்கா. செயின்ல எத்தனை கிலோ இழுப்பு வருதுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து போட்டேன். கியர் பாக்ஸ் வெளியே வருவது 36 ஆர்பிஎம். வார்மில் போகிற நஷ்டத்துக்கு 30 சதவீதம் கழித்தால் அந்த ஷாஃப்டில் 14 கிலோகிராம்-மீட்டர் முறுக்குவிசை நிற்கிறது. 13 பல் சக்கரத்தின் ஆரம் வெறும் 26.5 மி.மீ. வகுத்தால் செயினில் 530 கிலோ இழுப்பு! 08பி அறுகிற பாரமே சுமார் 1,800 கிலோதான். குலுக்கலுக்கு (திடீரென்று வருகிற அதிர்ச்சிப் பாரத்துக்கு) 1.5 பெருக்கிப் பார்த்தால் இரண்டேகால் மடங்குதான் வருகிறது. குறைந்தது 7 மடங்காவது வேண்டும்.

கியர் பாக்ஸுக்கு முன்னால் இதே 1 ஹெச்பி வேகமாக ஓடுகிறது, அங்கே இழுப்பு குறைவு. பின்னால் வேகம் நாற்பதில் ஒரு பங்கு, இழுப்போ பல மடங்கு. மெதுவாக ஓடுகிற செயினுக்கு ஹெச்பி அட்டவணையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இழுப்பைக் கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

புதுசு 12பி செயின், பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி தூரம்) 19.05 மி.மீ. சின்னச் சக்கரம் 17 பல், பெரியது 25. ரோலர் 24.5 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது, அப்பா கையால் சுற்றுகிற அதே வேகம். ஆரம் 52 மி.மீ. ஆனதால் இழுப்பு 272 கிலோவுக்கு இறங்கிவிட்டது. செயின் அறுகிற பாரம் 2,900 கிலோவுக்கு மேல். குலுக்கலைச் சேர்த்தாலும் 7 மடங்கு கையிருப்பு இருக்கிறது. 10பி-யும் போட்டுப் பார்த்தேன், குலுக்கலைச் சேர்த்தால் நாலரை மடங்குதான் வந்தது, விட்டுவிட்டேன். 17 பல்லில் இன்னொரு லாபம்: செயின் சக்கரத்தில் ஏறும்போது வருகிற வேக ஏற்ற இறக்கம் 13 பல்லில் 2.9 சதவீதம், 17-இல் 1.7. பழைய 'டக் டக்' இப்போது இல்லை.

செயின் நீளத்தில் எனக்கு அதிர்ஷ்டம். நடுவுக்கு நடு 600 மி.மீ. வைத்துக் கணக்குப் போட்டால் 84.04 கண்ணி. இரட்டைப்படையில் 84! அரைக் கண்ணி போட்டால் அந்த இடத்தில் பலம் குறையும், அந்தத் தொல்லையே வரவில்லை. பல் இரண்டிலும் ஒற்றைப்படை, கண்ணி இரட்டைப்படை, அதனால் ஒரே பல்லில் ஒரே கண்ணி அடிக்கடி வந்து உட்காராது, தேய்மானம் பரவலாகும். 10 அடிப் பெட்டியில் 160 கண்ணி வருகிறது. மிச்சம் 76. இன்னும் எட்டு இருந்திருந்தால் இன்னொரு செயின் கையில் இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து ஆதங்கப்படுகிறேன்.

சக்கரத்துக்காக மார்த்தாண்டம், நாகர்கோவில், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு எல்லாம் சுற்றினேன். வாங்கப் போகிறவர்கள் வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போங்கள். அரை அங்குலத்தில் 08பி-யும் அமெரிக்க அளவான 40-ஆம் நம்பரும் ஒரே பிட்ச், ஆனால் செயின் உருளையின் விட்டம் 08பி-யில் 8.51 மி.மீ., மற்றதில் 7.92. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், சக்கரத்தை மாற்றிப் போட்டால் பல்லில் சரியாக உட்காராது.

எண்ணெய் விஷயத்தில் பழைய தப்பைத் திருத்தினேன். முன்பு வெளியே கிரீஸ் அப்பினேன், அது பின்னுக்கும் அதைச் சுற்றியிருக்கிற குழாய்போன்ற புஷ்ஷுக்கும் நடுவில் போகவே இல்லை. இந்தத் தடவை எண்ணெயை லேசாகச் சூடாக்கிச் செயினை முழுக்கி வைத்தேன். குமிழி குமிழியாகக் காற்று வந்து நின்றபிறகுதான் எடுத்தேன். இப்போது தொங்குகிற பக்கத்தில், உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். அந்தத் தொய்வு 12 மி.மீ.தான், நடு தூரத்தில் 2 சதவீதம்.

ஆசிட் தண்ணீர்தான் இன்னும் பயம். கட்டிப்பாலை அழுத்தும்போது ஒழுகுவது செயினில் பட்டால் துருப்பிடித்துவிடும். நடுவில் தகரம் ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறேன், முழு மூடி இன்னும் அடிக்கவில்லை. அதற்குள் வரி ரோலருக்கும் (ஷீட்டில் வரிவரியாகக் கோடு போடுகிற ரோலர்) இதே கியர் பாக்ஸிலிருந்து இன்னொரு செயின் இழுக்கலாமா என்று மனசு போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் இழுப்புக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

அம்மா மட்டும் ஒன்று சொல்லிவிட்டார்: "கை போனா திருப்பிச் சுத்துற சுவிட்ச் வெச்சாத்தான் நாளைக்கு நிப்பேன்." சாயங்காலம் ரிவர்ஸ் சுவிட்ச் வாங்கப் போகிறேன். மூடியும் வரி ரோலரும் அதற்கப்புறம்தான்.