ஓட்டையைச் சுற்றி மூன்று வரிசைச் சூடு

எனக்குக் கண்ணாடி பவர் மைனஸ் 9. ‘சோடாபுட்டி’ என்ற பட்டப்பெயரோடுதான் பள்ளிக்கூடம் முடித்தேன். அதனால் ஒரு ராத்திரி வலக்கண் ஓரத்தில் மின்னல் வெட்டியபோது, வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணை மூடினாலும் மின்னியது. மறுநாள் கொசுக்கூட்டம் மாதிரி கரும்புள்ளிகள் மிதக்க ஆரம்பித்ததும் கண் மருத்துவரிடம் ஓடினேன்.

சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிய அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். (துணைக்கு ஆள் இருப்பது நல்லது. அதற்குப் பிறகு சில மணி நேரம் எழுத்தும் தெரியாது, வெயிலும் தாங்காது.) அப்புறம் தலையில் விளக்கு மாட்டிய மருத்துவர், இமைமேல் ஒரு சின்னக் கம்பியால் அழுத்தி அழுத்தி ஓரங்களைத் தேடினார். பிறகு செய்த லேசர் சிகிச்சையைவிட இதுதான் எனக்குக் கொடுமையாக இருந்தது.

கண்ணின் நீளம் சராசரியாக 24 மில்லிமீட்டர் இருக்குமாம். எனக்கு 27. கண் நீண்டுகொண்டே போனதில் விழித்திரை இழுபட்டு, ஓரத்தில் நைந்த துணியாகிவிட்டது. அந்த நைந்த இடத்தில் குதிரை லாட வடிவில் ஒரு கிழிசல். அது வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் திரவம் விழித்திரைக்கு அடியில் புகுந்தால் விழித்திரையே உரிந்து வந்துவிடும், இன்றைக்கே லேசர் செய்துவிடலாம் என்றார்.

மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள். தாடையைத் தாங்கியில் வைத்ததும், ஜெல் தடவிய ஒரு லென்ஸைக் கண்மேல் பொருத்தினார். கண் சிமிட்டிவிடுவோமோ என்ற பயம் வீண். அந்த லென்ஸ் சிமிட்ட விடாது. “வலித்தால் சொல்லுங்கள், தலையை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.” பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. முக்கால்வாசி வெறும் வெளிச்சம்தான். நடுவில் சில இடங்களில் மட்டும் கண்ணுக்குப் பின்னாலிருந்து ஊசி ஏற்றியதுபோல் சுருக்கென்றது. நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன், எண்பதோடு விட்டுவிட்டேன்.

“ஓட்டையை அடைச்சாச்சா டாக்டர்?”

“ஓட்டை அப்படியேதான் இருக்கும். சுற்றி மூன்று வரிசை சூடு வைத்திருக்கிறேன். சூடு பட்ட இடம் தழும்பாகி, அடியில் இருக்கும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.”

இது எனக்குப் புதுச் செய்தி. அந்த ஒட்டு முழுதாக இறுக இரண்டு வாரம் போல ஆகும் என்பதால், அதுவரை பாரம் தூக்காதே, குதிக்காதே என்றார்கள். அடுத்த பரிசோதனையில் தழும்பு நன்றாகப் பிடித்திருந்தது. பவர் குறையவில்லை, அதற்கும் லேசருக்கும் சம்பந்தமே இல்லை. கொசுக்களும் போகவில்லை, கொஞ்சம் பழகிவிட்டன.

இடக்கண்ணிலும் நைந்த இடம் இருக்கிறது, இன்னும் கிழியவில்லை. அதற்கு இப்போது லேசர் வேண்டாம், கவனித்துக்கொண்டால் போதும் என்றார். அதனால் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது ஒவ்வொரு கண்ணாக மூடி, ஓரத்தில் எங்காவது திரை விழுந்த மாதிரி நிழல் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.