கோவா போய் வாங்கிய சர்டிபிகேட்

எங்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் மகளின் சிலம்பக் கணக்கு இருக்கிறது. "மாசாமாசம் எங்கதான் போவுது காசு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்தக் கோபத்தில் உட்கார்ந்து, கூகுள் பேயைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒரு வருஷத்துச் செலவை எழுதினேன். மாஸ்டருக்கு மாதம் 500, ஆக 6,000. இரண்டு செட் யூனிஃபார்ம் 3,600. கம்பு, மான் கொம்பு என்கிற சின்ன ஆயுதம், பை எல்லாம் சேர்த்து 1,450. உள்ளூரிலும் பக்கத்து ஊர்களிலும் ஆறு போட்டிகள், தலா 700 வீதம் 4,200. கோவாவில் ஒரு 'தேசிய'ப் போட்டி, கட்டணம் 8,500. அவளும் நானும் போய்வர ரயில், வழிச் சாப்பாடு 6,300. கூட்டினால் 30,050 ரூபாய்.

நான் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் தைக்கிறேன். வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். முப்பதாயிரம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் என்னை உறுத்தியது வேறு. மழை இல்லாத ஒவ்வொரு சாயங்காலமும் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்திக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டருக்குப் போனது ஆறாயிரம். மிச்சம் இருபத்து நாலாயிரம் கற்றுக்கொடுக்காத ஆட்களுக்குப் போயிருக்கிறது.

கோவாவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பு சுற்றுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு 'நேஷனல்' என்றால் பாதி நேரம் கோவாதான், 'இன்டர்நேஷனல்' என்றால் நேபாளம். ஒரு கல்யாண மண்டபம் மாதிரியான இடம். நாங்கள் வேறு இடத்தில் தங்கிக்கொள்கிறோம் என்றால் விட மாட்டார்கள். தங்குமிடமும் சாப்பாடும் கட்டணத்துக்குள்ளேயே வரும். ஒரு அறையில் ஒன்பது பேர். என் மகளின் வயது, எடைப் பிரிவில் மொத்தமே மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் மெடல். அவள் வெள்ளி வாங்கி வந்தாள். சர்டிபிகேட்டில் பெயரில் ஓர் எழுத்து தப்பு. திருத்தித் தரச் சொன்னதற்கு 'கொரியர் சார்ஜ்' கேட்டார்கள்.

அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரப்படுத்தினேன். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, சிலம்பமும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த மூன்று சதவீதத்தைக் காட்டித்தான் எங்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். ஒருநாள் துணி டெலிவரி கொடுக்கப் பெரியமேடு பக்கம் போனவள், இருந்த அத்தனை சர்டிபிகேட்டையும் எடுத்துக்கொண்டு விளையாட்டு ஆணைய அலுவலகத்தில் ஏறிவிட்டேன். அங்கிருந்த ஒருவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் புரட்டினார். "மெடல் இருக்கட்டும்மா. நடத்துனது யாரு? அவங்களுக்கு அங்கீகாரம் இருக்கா? அதை மொதல்ல கேளுங்க" என்றார். பதினோரு சர்டிபிகேட்டில் இரண்டைத் தனியாக வைத்தார். கோவா அந்த இரண்டில் இல்லை.

அந்த வாரமே டல்லாஸில் இருக்கும் என் சித்தி மகளிடம் புலம்பினேன். அவள் சிரித்தாள். அவள் மகள் அங்கே போட்டி சியர்லீடிங் போகிறாள். ஐபிஎல்லில் பவுண்டரிக்கு ஆடுவார்களே, அது இல்லையாம் இது. குட்டிக்கரணம், தூக்கிப்போட்டுப் பிடிப்பது, ஆள் மேல் ஆள் ஏறுவது எல்லாவற்றையும் இரண்டரை நிமிஷத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். சியர்லீடிங்கின் உலக அமைப்புக்கு 2021இல் ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரமே கிடைத்துவிட்டது. அங்கேயும் இதே கதை: ஜிம் ஃபீஸ் தனி, நடனம் அமைப்பவருக்குத் தனி, யூனிஃபார்ம் சில நூறு டாலர். போட்டி நடத்துபவர் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்று வேறு பல போட்டிகளில் விதி. பெற்றோர்கள் கோர்ட்டுக்குப் போய், 2024இல் ஒரு பெரிய நிறுவனம் 8 கோடியே 25 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டதாகச் சொன்னாள். "நீ கோர்ட்டுக்கெல்லாம் போவாத. இருக்கற பேரன்ட்ஸ் எல்லாம் ஒண்ணா உட்காருங்க. இங்க தனித்தனியா கட்டிட்டிருந்த வரைக்கும் எவனும் எங்களுக்குக் கணக்கு காட்டல" என்றாள்.

உட்கார்ந்தோம். மாநகராட்சித் திடலின் ஓரத்தில், பிள்ளைகள் வார்ம்அப் செய்துகொண்டிருக்கும்போது, பதினோரு வீட்டுப் பெற்றோர்கள். என் நோட்டை வாய்விட்டுப் படித்தேன். முதலில் யாரும் பேசவில்லை. அவரவர் மனதுக்குள் அவரவர் கணக்கு ஓடியிருக்கும். ஒருவர் உடனே மாஸ்டர் ஃபீஸை 300 ஆக்கலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. குறைக்கக் கூடாதது அது ஒன்றுதான் என்றேன். இட்லிக்கடை அக்கா என் பக்கம் நின்றார். "சாம்பார்ல தண்ணி ஊத்தலாம்க்கா, மாவுல ஊத்தக் கூடாது." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திடலுக்கு வாடகை இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்றும் அன்றைக்குத்தான் பேசினோம். 2024 அக்டோபரில் மாநகராட்சியின் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். எங்கள் திடல் அதில் இல்லை. ஆனாலும் 120ஐ இரண்டு மணி நேரத்துக்கும் 25 நாளுக்கும் பெருக்கிப் பார்த்தோம். மாதம் ஆறாயிரம். மாஸ்டருக்கு ஒரு வருஷத்தில் கொடுப்பது.

யூனிஃபார்ம் என் பொறுப்பு. வெளியில் 1,800க்கு வாங்கியது மட்டமான பாலியஸ்டர், அக்குளில் பிரிந்துவிடும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்தக் கடையில் முழுச் சுருளாகத் துணி எடுத்து, நானும் இன்னொரு அம்மாவும் தைத்தோம். ஒரு செட்டுக்கு 620 விழுந்தது. அக்குளில் சதுரமாக ஒட்டுத்துணி வைத்துத் தைத்தேன். கையைத் தூக்கிக் கம்பு சுற்றும்போது சட்டை மேலே ஏறாது. இது எனக்குப் பெருமை. இதைத் தொடர்ந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். இடுப்புக்குச் சிவப்புத் துணி எடுத்திருந்தோம். உப்புத் தண்ணீரில் ஊற வைத்துச் சாயம் பார்த்திருக்க வேண்டும். இருபது வருஷமாகத் தைக்கிற எனக்கு அது தெரியாதா? அவசரம். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றாக மிஷினில் போட்டுவிட்டார்கள். நாலு செட் வெள்ளைச் சட்டை ரோஸ் மில்க் நிறத்தில் வந்தது. அந்த நாலு பேரையும் குழு வரிசையில் பின்னால் நிறுத்தினார் மாஸ்டர்.

கம்புக்குப் பொதுக் கட்டு ஒன்று வைத்தோம். கம்பு ஆளின் நெற்றி உயரம் இருக்க வேண்டும். பிள்ளை வளர வளர அது மூக்குக்கு, அப்புறம் வாய்க்கு வந்துவிடும். வளர்ந்தவளின் கம்பு அடுத்தவளுக்குப் போகிறது. இந்த வருஷம் என் பங்கு 500தான்.

போக்குவரத்தில் மிச்சம் பிடிக்கத்தான் படாதபாடு பட்டோம். உள்ளூர்ப் பயிற்சிக்கு அம்மாக்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறது. கண்டக்டர்தான், "கம்பு யார் கண்ணுல குத்தினாலும் நீதாம்மா பொறுப்பு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். வெளியூருக்கு ரயிலில் விளையாட்டு வீரர்களுக்குச் சலுகை உண்டே என்று ஒருவர் பழைய ஞாபகத்தில் கிளம்பினார். அது 2020 மார்ச்சில் நிறுத்தியதோடு சரி. அதனால் வருஷத்துக்கு ஒரே ஒரு வெளியூர்ப் போட்டி, அதுவும் தமிழ்நாட்டுக்குள், எல்லோரும் ஒரே வேனில் என்று முடிவு செய்தோம். தீபாவளிச் சீட்டு மாதிரி வீட்டுக்கு மாதம் 200 பிடித்தோம். திருச்சிக்குப் போய் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்தோம். வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 2,400, சீட்டுப் பணத்துக்குச் சரியாகப் போயிற்று.

முதலமைச்சர் கோப்பைக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பள்ளிப் பிரிவு 12 வயதிலிருந்து 19 வரை. ஆன்லைனில் பதிய வேண்டும். பள்ளியிலிருந்து போனஃபைட் (அங்கே படிக்கிறாள் என்ற சான்று), ஆதார், பிள்ளையின் பேங்க் விவரம். எட்டாவது படிக்கிறவளுக்கு ஏது பேங்க் கணக்கு? என்னோடு சேர்த்து ஜாயின்ட் கணக்கு திறக்கவே மூன்று நடை. ஆதாரில் இனிஷியல் முன்னால், பள்ளியில் பின்னால் என்று இரண்டு பேருக்கு இழுத்தது. இதில் அலுத்துப்போகாதீர்கள். மாவட்ட அளவில் தனிநபர் பரிசு 3,000, 2,000, 1,000. மாநில அளவில் முதல் பரிசு ஒரு லட்சம். எங்கள் குழுவில் இட்லிக்கடை அக்கா மகள் மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். என் மகள் இரண்டாம் சுற்றில் கம்பைத் தவறவிட்டு வெளியே வந்தாள். அழுதாள். கோவா வெள்ளிக்குச் சிரித்ததைவிட இந்த அழுகை எனக்குப் பிடித்திருந்தது என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அவளோடு நாற்பது பேர் நின்றார்கள்.

பள்ளிக்கல்வித் துறை நடத்தும் பாரதியார் தின விளையாட்டுகளிலும் சிலம்பம் இருக்கிறது. அதற்குப் பள்ளி வழியாகத்தான் பெயர் போக வேண்டும். பி.டி. சாரே வந்து சொல்வார் என்று காத்திருந்தால் தேதி போய்விடும், எனக்குப் போயிற்று. இன்னும் மேலே போகிற பிள்ளைகளுக்கு 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரிதான் செரியன் நகர். அங்கிருந்து ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024இல் அமெரிக்கா போய்க் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாரே, அவருக்கும் அதிலிருந்து உதவி கிடைத்தது.

ஒன்றில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. கோயில் திருவிழா, கல்யாண ஊர்வலம், கட்சி வரவேற்பு என்று பிள்ளைகளைக் கம்பு சுற்றக் கூப்பிடுகிறார்கள், பணமும் தருகிறார்கள். கோயிலுக்குச் சரி. நடு ரோட்டில் பட்டாசுப் புகைக்குள் பத்து மணி வரை நிற்க வைத்து ஒரு மாலைக்காக ஆட விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வீட்டில் அந்தப் பணம் தேவைப்படுகிறது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. போகிறவர்கள் போகிறார்கள்.

இந்த வருஷக் கணக்கு: மாஸ்டருக்கு 6,000, யூனிஃபார்ம் 1,240, கம்பு 500, விசாரித்துத் தேர்ந்தெடுத்த மூன்று போட்டிகள் 2,100, திருச்சி 2,400. ஆக 12,240. வீட்டுக்காரர் நோட்டை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் மறுபடி கோவா வந்தது. இந்த முறை 9,200. "அங்கீகாரக் கடிதம் அனுப்புங்க, பிரிவுக்கு எத்தனை பேர் சொல்லுங்க, தங்கறது நாங்க பாத்துக்கலாமா?" என்று இட்லிக்கடை அக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டார். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. என் மகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அவளுக்குப் போக ஆசை.

"அங்க என்னடி இருக்கு? கடல்தானே? காசிமேட்டுல இல்லாத கடலா?"

"அங்க நீ மிஷின்ல உக்காராம எங்கூட மூணு நாள் இருந்தல்ல?" என்றாள்.

மே மாதத்துக்கு ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை கம்பு எடுத்துப் போகப் போவதில்லை.